வீட்டிற்குள் வரும் மின்சாரம்: கம்பம் முதல் மெயின் சுவிட்சு வரை



வீடு கட்டுவோர் வாசற்கதவிற்குப் பூட்டு வாங்கப் பத்துக் கடை ஏறி இறங்குவர். அக்கதவிற்கு மேலே சுவரைத் துளைத்து உள்ளே நுழையும் இரண்டு கம்பிகளையோ ஏறிட்டும் பார்ப்பதில்லை. திருடன் என்றோ ஒருநாள் வருபவன். மின்சாரம் ஒவ்வொரு நொடியும் வந்துகொண்டிருப்பது. நன்கு அடக்கி வைத்தால் அதனைப்போன்ற வேலைக்காரன் இல்லை. கட்டு தளர்ந்தால் அதனைப்போன்ற பகைவனும் இல்லை. ஆகவே இம்மாதம் இப்பகுதியில், தெருக்கம்பத்தினின்று வீட்டு மெயின் சுவிட்சு வரையில் உள்ள மின்வழியை நாமே எவ்வாறு பார்வையிட்டு மதிப்பிடலாம் என்பதை எடுத்துரைக்க விழைகிறோம்.

நம் சங்கத்துக் குடும்பங்களுள் பல இரண்டிடத்து வாழ்க்கை உடையவை. பெற்றோர் தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலை மலைகளிலோ, சித்தூர், கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம் பக்கத்துத் தோப்புகளிலோ இருப்பர்; பிள்ளைகள் கோவையிலும் திருப்பூரிலும் கடல் கடந்த நாடுகளிலும் உழைப்பர். பொங்கலுக்கு ஊர் திரும்பும் பிள்ளை தாய்க்குக் குளிர்பதனப் பெட்டி வாங்கித் தருவான். அடுத்த ஆண்டு வெந்நீர்க் கருவி. அதற்கடுத்த ஆண்டு மின்னடுப்பு. சாமான்கள் புதியனவாகிக்கொண்டே போக, அவற்றிற்கெல்லாம் மின்சாரம் சுமந்து வரும் கம்பி மட்டும் பாட்டனார் காலத்ததாகவே இருக்கும். இடர் இவ்விடத்திற்றான் பிறக்கிறது.

மலையும் சமவெளியும்

கேரளத்தின் மின்சார வரலாறு நம் மலையில் தொடங்கியது. மூணாற்றுக்கு அடுத்த பள்ளிவாசலில் 1940ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கிய நீர்மின் நிலையமே அம்மாநிலத்தின் முதற் பெரும் நீர்மின் திட்டமாகும். இடுக்கி அணையின் மின்சாரம் 1976இல் நாட்டிற்கு அளிக்கப்பட்டது. பாலக்காட்டுப் பகுதியின் பெரும்பங்கோ 1956 நவம்பர் 1 வரையில் சென்னை மாநிலத்தைச் சேர்ந்திருந்தது. மலம்புழை அணையை 1955இல் திறந்து வைத்தவர் அந்நாளைய சென்னை முதலமைச்சர் காமராசர் ஆவார். 1957இல் கேரள மாநில மின்சார வாரியம் அமைந்தது. 2010இல் பாலக்காடு முழுதும் மின்வசதி பெற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. 2017 மே மாதத்தில் மாநிலம் முழுவதற்கும் அவ்வாறே அறிவிப்பு வெளிவந்தது.

இனி வீட்டிற்கு மின்சாரம் உண்டா என்பது கேள்வியன்று; எந்நிலையில் உண்டு என்பதே கேள்வி. இவ்விரு நிலப்பகுதிகளுக்கும் தனித்தனி இடர்கள் உள்ளன. மலையில் ஈரம் மிகுதி, மூடுபனியும் நெடுமழையும் கம்பியின் உறையையும் இணைப்பையும் அரிக்கும், கீழே பாறை. பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு வாயிலிலோ வெயிலும் வறண்ட காற்றும் மிகுதி. பங்குனி, சித்திரையில் மண் வெடித்து உலர்ந்துவிடும். பாறையும் உலர்ந்த மண்ணும் மின்சாரத்தை எளிதில் ஏற்பதில்லை. இதன் விளைவைப் பின்னர்க் காண்போம்.

யார் பொறுப்பு எது வரை?

கம்பத்தினின்று வரும் சர்வீஸ் கம்பியும் முத்திரையிட்ட மீட்டரும் மின்சாரம் வழங்குவோரின் பொறுப்பில் உள்ளவை. மீட்டரைத் தாண்டிய மெயின் சுவிட்சு, பகிர்வுப் பெட்டி, சுவருக்குள் ஓடும் கம்பி, நிலத்தொடர்பு ஆகியன வீட்டாரின் பொறுப்பு. மீட்டரின் முத்திரையை நாம் உடைத்தல் குற்றம். அதற்கு முற்பட்ட பகுதியில் குறை கண்டால் நாமே கைவைத்தல் தற்கொலைக்கு ஒப்பாகும். ஏனெனில் அவ்விடத்தில் மின்சாரத்தை நிறுத்தும் வழி நம்மிடம் இல்லை.

மின்சாரம் வழங்குவோர் என்றது எங்கும் வாரியத்தையே குறிப்பதன்று. மூணாற்றைச் சூழ்ந்த கண்ணன் தேவன் தோட்டங்களில் விநியோக உரிமம் பெற்றிருப்பது அத்தோட்டக் கம்பெனியே. அங்குள்ள லயன் வீடுகளில் வசிப்போர் குறையைத் தோட்ட அலுவலகத்திற்றான் எழுத்து மூலம் தெரிவித்தல் வேண்டும். லயன் வீட்டின் உட்கம்பிகளும் குடியிருப்போருடைய உடைமையல்ல. வீடு யாருடையதோ, கம்பியைப் பழுதுபார்க்கும் கடமையும் அவருடையது. 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் தொழிலாளிக்கு வீடு தருவதை நிர்வாகத்தின் கடமையாக்கியது. உயிருக்கு ஊறு செய்யும் கம்பியுள்ள இடத்தை வீடு என்று சொல்லுதல் பொருந்தாது. எனினும் கடமை பிறருடையது என்று வாளா இருத்தலும் தகாது. முதலிற் பார்க்க வேண்டிய கண் அவ்வீட்டில் உறங்குவோருடைய கண்ணே.

பார்வையிடும் முறை

பகல் வெளிச்சத்தில், மழையில்லாத நாளில், காலில் செருப்பணிந்து, கை கட்டிக்கொண்டு பார்த்தல் வேண்டும். கை கட்டிக்கொண்டு என்று கூறுவது விளையாட்டன்று. இதில் கண்ணுக்கும் காதுக்கும் மூக்குக்குமே வேலை. கைக்கு வேலை இல்லை. ஏணி எடுத்தலும் கூடாது.

முதலாவது, கம்பத்தினின்று வீட்டிற்கு வரும் கம்பி. தெருவைக் கடக்கும் தாழ்வழுத்தக் கம்பி தரையினின்று 5.8 மீட்டர் உயரத்தில் இருத்தல் வேண்டும் என்பது விதி. உறையில்லாத கம்பி கட்டடத்தின்மேற் சென்றால் கூரைக்கும் அதற்கும் 2.5 மீட்டர் இடைவெளியும், பக்கமாகச் சென்றால் 1.2 மீட்டர் இடைவெளியும் வேண்டும். புதிதாக மாடி எடுத்தோரும் முற்றத்திற்குத் தகரக் கொட்டகை இறக்கியோரும் இதனை மறந்துவிடுகின்றனர். கம்பி தாழ்ந்து வந்ததோ, கூரை உயர்ந்து சென்றதோ, விளைவு ஒன்றே. 2025 ஜூலை 17 அன்று கொல்லம் மாவட்டத்துத் தேவலக்கரைப் பள்ளியில், கொட்டகைக் கூரைமேல் விழுந்த காலணியை எடுக்க ஏறிய பதின்மூன்று வயது மாணவன் தாழ்ந்து சென்ற மின்கம்பி பட்டு உயிரிழந்தான். கொட்டகை எழுந்த நாளிலேயே ஒருவர் அண்ணாந்து பார்த்துக் கணக்கிட்டிருந்தால் அத்துயரம் நேர்ந்திராது.

மரக்கிளை கம்பியில் உரசுகிறதா என்று நோக்குக. காற்றில் உரசும் கிளை கம்பியின் உறையைச் சிறிது சிறிதாகத் தேய்த்துவிடும். கம்பியைத் தாங்கி நிற்கும் இரும்புக் கம்பி துருப்பிடித்து இற்றுப்போயிருப்பின், மின்கம்பியே தன் எடையைத் தான் சுமக்க நேரும். அது நெடுநாள் தாங்காது. தகரக் கூரையின் விளிம்பில் சர்வீஸ் கம்பி படிந்திருப்பின் அதனினும் கொடிது வேறில்லை. உறை தேய்ந்த அன்று கூரை முழுவதும் மின்னேற்றம் பெறும். கூரையைத் தொட்டுக் கட்டிய துணிக்கொடியும் அவ்வாறே ஆகும். ஈரத்துணியை உதறிப் போடும் தாய்மாரே இவ்விபத்திற்கு முதற்பலி ஆகின்றனர். ஆகவே துணிக்கொடிக்கு இரும்புக் கம்பியை ஒருபோதும் பயன்படுத்தற்க. நைலான் கயிறோ தேங்காய்நார்க் கயிறோ கட்டுக. மின்கம்பத்திலும் அதனை இழுத்துப் பிடிக்கும் கம்பியிலும் எதனையும் கட்டற்க.

இரண்டாவது, கம்பி சுவருக்குள் நுழையும் இடம். அவ்விடத்திற்குச் சற்று முன் கம்பி கீழ்நோக்கி வளைந்து பின் மேலேறி உள்ளே செல்லுதல் வேண்டும். அவ்வளைவின் அடியிற் மழைநீர் சொட்டி விழுந்துவிடும். வளைவில்லாது மேலிருந்து நேராக இறங்கினால், நீர் கம்பி வழியே ஒழுகி மீட்டர்ப் பலகைக்கே வந்து சேரும். குழாயின் வாய் கீழ்நோக்கி இருக்கின்றதா, மீட்டருக்கு மேற்சுவரில் ஈரக் கறையோ பாசியோ படர்ந்திருக்கிறதா என்று காண்க. மலைநாட்டு வீடுகளில் இக்குறை மிகச் சாதாரணம்.

மூன்றாவது, மீட்டர்ப் பலகை. பழைய வீடுகளில் இது மரத்தாலானது. பியூஸ் கட்டையைச் சுற்றி மரம் கருகியிருக்கிறதா? கம்பியின் உறை பொரிந்தோ இளகியோ உள்ளதா? எரிந்த மீன் நாற்றம் போன்றதொரு நெடி வருகிறதா? காது கொடுத்தால் 'சர்' என்ற ஓசை கேட்கிறதா? இவற்றுள் ஒன்று இருப்பினும் உள்ளே இணைப்பு தளர்ந்துள்ளது என்பதே பொருள். தளர்ந்த இணைப்பு எவ்வளவு வெப்பம் தரும் என்பதற்கு ஒரு சிறு கணக்கு: இணைப்பின் தடை அரை ஓம் என்று கொள்வோம். அதன் வழியே 10 ஆம்பியர் சென்றால் 50 வாட் வெப்பம் தோன்றும். ஒரு பட்டாணி அளவு இடத்தில் 50 வாட் என்பது பற்றவைக்கும் இரும்பின் சூடு. அதுவே 20 ஆம்பியர் ஆயின் வெப்பம் இருமடங்கன்று, நான்கு மடங்கு, 200 வாட். ஓட்டம் இரட்டித்தால் வெப்பம் நாற்பங்காகும் என்பது இயற்கை விதி. ஆதலின் பத்தாண்டு பொறுத்திருந்த பழைய இணைப்பு, புதிய வெந்நீர்க் கருவி வந்த முதல் வாரத்திலேயே தீப்பிடிப்பதில் வியப்பில்லை.

நான்காவது, பியூஸ். வீட்டின் பியூஸில் என்ன கம்பி கட்டியிருக்கிறது என்பதைப் பார்த்தால் அவ்வீட்டாரின் மனம் விளங்கும். அடிக்கடி உருகுகிறதென்று செம்புக் கம்பியை இரண்டு மூன்று இழையாக முறுக்கிக் கட்டியிருப்பின், காவல் நாய் குரைக்கிறதென்று அதன் வாயைக் கட்டிவிட்டு உறங்குவதற்கு அது நிகர். பியூஸ் உருகுவது குற்றமன்று. அதுவே அதன் தொழில். உருகிய காரணத்தை நாடாமல் தடித்த கம்பி இட்டால், அடுத்து உருகப்போவது சுவருக்குள் இருக்கும் கம்பி. இன்று சிற்றளவு எம்.சி.பி. சுவிட்சுகள் பியூஸின் இடத்தைப் பிடித்துள்ளன. அவையும் கம்பியின் தடிமனுக்கு ஏற்ற அளவின ஆதல் வேண்டும். 16 ஆம்பியர் விழுந்துகொண்டே இருக்கிறதென்று 32 ஆம்பியர் மாட்டுவதும் மேற்சொன்ன செயலே.

ஐந்தாவது, மெயின் சுவிட்சு. இரவில் தடுமாறாமல் கை எட்டும் இடத்தில் இருக்கிறதா? அதன் முன்னே அரிசி மூட்டையும் விறகும் அடுக்கப்பட்டுள்ளனவா? வீட்டிலுள்ள முதியோரும் பிள்ளைகளும் அதனை அணைக்க அறிவார்களா? விபத்து நேரும்போது மின்பொறியாளர் அருகில் இருப்பதில்லை; பாட்டியும் பேரனுமே இருப்பர்.

விளக்கு பேசும் மொழி

விளக்குகள் மங்கியும் ஒளிர்ந்தும் தடுமாறினால் அதனைக் கூர்ந்து நோக்குக. ஓர் அறையில் மட்டும் தடுமாற்றம் என்றால் குறை அவ்வறையின் கம்பியில். வீடு முழுவதும் தடுமாற, அடுத்த வீடு நன்றாயிருப்பின் குறை நம் மெயினிலோ சர்வீஸ் கம்பியிலோ உள்ளது. தெருவே தடுமாறினால் குறை தெருக்கம்பியில். செய்தி சொல்ல வேண்டிய இடம் இதனால் விளங்கிவிடும்.

மும்முனை இணைப்புள்ள வீட்டில் சில விளக்குகள் திடீரென வழக்கத்தினும் மிகுதியாக ஒளிர்ந்து வேறு சில மங்கினால், நியூட்ரல் கம்பி அறுந்திருக்கலாம். அந்நிலையில் 230 வோல்ட் பெற வேண்டிய கருவி 400 வோல்ட் வரையிற்கூடப் பெறக்கூடும். உடனே மெயினை அணைத்தல் வேண்டும். ஒருமுனை இணைப்பில் நியூட்ரல் அறுந்தால் விளக்கு எதுவும் எரியாது. ஆனால் டெஸ்டரை வைத்தால் பிளக்கின் இரு துளைகளிலும் ஒளிரும். 'கரண்டு போய்விட்டது' என்று எண்ணிக் கம்பியில் கைவைப்போர் இந்நிலையில் உயிரிழப்பர். மின்சாரம் போகவில்லை, திரும்பும் வழியை இழந்து நம் உடலை எதிர்பார்த்து நிற்கிறது.

நிலத்தொடர்பு

'எர்த்' என்று வழங்கும் நிலத்தொடர்பே நம் பகுதியில் மிகுதியும் புறக்கணிக்கப்படுவது. இந்தியத் தர நிர்ணயத்தின்படி, துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய் 2.5 மீட்டர் நீளத்திற்குக் குறையாமல் மண்ணில் இறங்கியிருத்தல் வேண்டும், கட்டடத்தினின்று 1.5 மீட்டராவது விலகியிருத்தல் வேண்டும். பல வீடுகளில் முழ நீள இரும்புக் கம்பியொன்று சுவரோரத்தில் செருகப்பட்டிருக்கும். அதிற் கட்டிய கம்பியோ துருவாய் உதிர்ந்திருக்கும். சிலர் தண்ணீர்க் குழாயிற் கட்டுவர். இரும்புக் குழாயை மாற்றிப் பிளாஸ்டிக் குழாய் பதித்த நாளோடு அவ்வீட்டில் எர்த் ஒழிந்தது என்பதை அறியார்.

இங்கேதான் பாறையும் வறட்சியும் கணக்கிற்கு வருகின்றன. வெந்நீர்க் கருவியின் உள்ளே கம்பி பழுதாகி அதன் உடல் மின்னேற்றம் பெற்றது என்று கொள்வோம். எர்த்தின் தடை 10 ஓம் ஆயின் 230 வோல்ட்டில் 23 ஆம்பியர் மண்ணுக்குச் செல்லும். 16 ஆம்பியர் பியூஸ் அதனால் உடனே உருகும் என்பதற்கு உறுதியில்லை. பாறை நிலத்திலோ சித்திரை மண்ணிலோ தடை 50 ஓம் ஆகலாம். அப்போது செல்வது 4.6 ஆம்பியர் மட்டுமே. பியூஸ் அதனை ஒரு பொருட்டாகவும் மதியாது. கருவியின் உடல் மணிக்கணக்கில் மின்னேற்றத்துடன் நிற்கும். மேலும் அம்மின்சாரம் மீட்டரிலும் ஏறும். நாளொன்றுக்கு ஏறத்தாழ 25 யூனிட் மண்ணுக்குத் தானமாகச் செல்லும். காரணமின்றிக் கட்டணம் ஏறினால், எல்லாக் கருவிகளின் பிளக்குகளையும் கழற்றிவிட்டு மெயினை மட்டும் போட்டு மீட்டரை நோக்குக. சிறுவிளக்கு மின்னிக்கொண்டே இருந்தால் எங்கோ ஒழுக்கு உண்டு. இச்சோதனை ஒழுக்கு இருப்பதைக் காட்டுமேயன்றி, இல்லை என்பதற்குச் சான்றாகாது.

உயிர் காக்கும் சிறு பெட்டி

பியூஸும் எம்.சி.பி.யும் கம்பியைக் காப்பவை; மனிதரைக் காப்பவை அல்ல. ஈரமான உடலின் தடை ஏறத்தாழ 1,000 ஓம் என்பர். 230 வோல்ட்டில் அவ்வுடல் வழியே 230 மில்லி ஆம்பியர் செல்லும். அதிற் பாதியும் வேண்டா, சில நொடியில் இதயம் நிற்க. 16 ஆம்பியர் பியூஸுக்கோ அது நூற்றிலொரு பங்கினும் சற்று மிகுந்த சிற்றளவு, அது அசையாது.

இக்குறையைத் தீர்ப்பது ஆர்.சி.சி.பி. என்னும் கருவி. இதன் தொழில் ஒரு கணக்கப்பிள்ளையின் தொழில். உள்ளே சென்ற மின்னோட்டமும் திரும்பி வந்த மின்னோட்டமும் சமமா என்று இடைவிடாது ஒப்பிடும். வேறுபாடு 30 மில்லி ஆம்பியரை எட்டினால், அம்மின்சாரம் வேறு வழியே மண்ணுக்குச் செல்கிறது என்று தெளிந்து, கண்ணிமைக்கும் நேரத்தில் இணைப்பைத் துண்டிக்கும். அவ்வழி பழுதான கருவியாகவும் இருக்கலாம். நம் குழந்தையின் உடலாகவும் இருக்கலாம். எர்த்தின் தடை 100 ஓம் ஆனாலும் 2.3 ஆம்பியர் செல்லுமாதலின் இக்கருவி விழுந்துவிடும். எனவே பாறை நிலத்தார்க்கும் வறண்ட நிலத்தார்க்கும் இது இரட்டை அவசியம்.

இதனைப்பற்றி மூன்று செய்திகள் நினைவிற் கொள்ளத்தக்கவை. ஒன்று, எர்த் அறவே இல்லாத வீட்டில் இக்கருவி ஓர் உடல் தொட்ட பிறகே விழும். ஆகவே எர்த்தும் வேண்டும், இதுவும் வேண்டும். இரண்டு, ஒரு கையால் பேஸையும் மறு கையால் நியூட்ரலையும் பிடித்தவரை இது காவாது. சென்றதும் திரும்பியதும் சமமாகவே இருக்கும். மூன்று, இதன் முகத்திலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்துக. விழுந்தால் கருவி உயிரோடுள்ளது; விழாவிடில் மாற்றுக. அடிக்கடி தானே விழுகிறதென்று இதனை விலக்கி நேர் இணைப்புக் கொடுப்போரும் உளர். மருத்துவர் நோய் இருக்கிறதென்றார் என்பதற்காக மருத்துவரை மாற்றிவிட்டால் நோய் நீங்குமோ?

சுமைக் கணக்கு

மின்னடுப்பு 2,000 வாட், ஏறத்தாழ 9 ஆம்பியர். வெந்நீர்க் கருவி 3,000 வாட், 13 ஆம்பியர். இஸ்திரிப் பெட்டி 1,000 வாட், 4 ஆம்பியருக்கு மேல். இம்மூன்றும் காலை வேளையில் ஒருங்கே இயங்கினால் 26 ஆம்பியர். இரண்டு விளக்கிற்கும் ஒரு விசிறிக்கும் என்று போட்ட பழைய கம்பி இதனைச் சுமக்காது. செம்புக் கம்பியில் விளக்குகளுக்கு 1.5 சதுர மில்லிமீட்டரும், 16 ஆம்பியர் பிளக்குகளுக்கு 2.5 சதுர மில்லிமீட்டரும், மெயினுக்கு 4 சதுர மில்லிமீட்டரோ அதனினும் தடித்ததோ பயன்படுத்துவது வழக்கம். மேலும் வாரியத்திடம் பதிவு செய்த சுமையினும் மிகுதியாகப் பயன்படுத்துவோர் அதனை முறைப்படி உயர்த்திக்கொள்ளல் வேண்டும். அப்போதுதான் வெளிக்கம்பியையும் அவர்கள் அதற்கேற்பப் பார்வையிடுவர்.

லயன் வீடுகளில் மற்றொரு வழக்கம் உண்டு. ஒரு வீட்டினின்று அடுத்த வீட்டிற்கு இரவல் கம்பி இழுப்பது. அண்டை வீட்டார்க்கு உதவுவது நம் பண்பு. ஆயினும் குழம்பு கொடுக்கலாம், கம்பி கொடுத்தல் ஆகாது. வரிசையில் ஒரு வீட்டில் தீ எழுந்தால் பத்து வீட்டிற்கும் ஒரே கூரை என்பதை மறத்தல் கூடாது.

தோட்டத்திலும் தோப்பிலும்

சித்தூர் வட்டாரத்துத் தோப்புகளில் மோட்டார்க் கொட்டகையும் வீட்டின் ஓர் உறுப்பே. மோட்டாரின் உடலுக்கு இரண்டு தனித்தனி நிலத்தொடர்பு வேண்டும் என்பது விதி. ஒன்று அற்றாலும் மற்றொன்று காக்கும். ஈரக்கையோடு ஸ்டார்ட்டரைத் தொடற்க. தேங்காயும் பலாவும் பறிக்க இரும்புத் தோட்டியும், மிளகு பறிக்க அலுமினிய ஏணியும் மின்கம்பி அருகே கொண்டு செல்லற்க. மூங்கிலே நன்று, அதுவும் உலர்ந்ததாக.

காட்டுப் பன்றிக்கென வீட்டு மின்சாரத்தை வேலிக் கம்பியிற் கொடுப்பதுபற்றி ஒரு சொல். 2022 மே மாதத்தில் பாலக்காட்டு முட்டிக்குளங்கரையில் காவல் முகாமை ஒட்டிய வயலில் காவலர் இருவர் இத்தகைய கம்பி பட்டு மாண்டனர். மறு ஆண்டு செப்டம்பரில் கரிங்கரப்புள்ளியில் இளைஞர் இருவர் அவ்வாறே மாண்டனர். பயிரைக் காக்க நினைத்தவர் கொலைப்பழி ஏற்று நிற்கும் நிலை வந்தது. முறையாக அமைக்கும் சூரிய வேலி நொடிப்பொழுது மட்டும் துடித்து அடங்கும் மின்னடியைத் தருவது. வீட்டு மின்சாரமோ பிடித்தால் விடாதது. இரண்டும் ஒன்றல்ல.

இன்வெர்ட்டரும் ஜெனரேட்டரும் வைத்திருப்போர், மின்வாரியக் கம்பியையும் தம் கருவியையும் ஒருங்கே இணையவொட்டாது தடுக்கும் மாற்றுச் சுவிட்சு இருக்கிறதா என்று உறுதி செய்க. இன்றேல், மின்சாரம் நின்றதென்று கம்பத்தில் ஏறிய லைன்மேனின் உயிர் நம் வீட்டு ஜெனரேட்டரால் போகும். சித்திரை, வைகாசியிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் பிற்பகல் இடி மலையடிவாரத்தில் மிகுதி. இடி முழங்கத் தொடங்குமுன் பிளக்குகளைக் கழற்றுக. முழங்கும்போது அருகே செல்லற்க.

யாரை அழைப்பது?

பார்வையிட்டுக் கண்ட குறைகளைத் தாளில் எழுதுக. மீட்டருக்கு முற்பட்டவற்றை மின்வாரியத்தின் செக்‌ஷன் அலுவலகத்திலோ 1912 என்ற தொலைபேசி எண்ணிலோ அறிவிக்க. புகார் எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொள்க. பிற்பட்டவற்றிற்கு, கேரள மாநில மின்சார உரிமம் வழங்கும் வாரியத்தின் அனுமதிச்சீட்டுப் பெற்ற வயர்மேனை அழைக்க. அனுமதிச்சீட்டைக் காட்டும்படி கேட்டல் மரியாதைக் குறைவன்று. அவர் கருவி கொண்டு இரண்டு சோதனை செய்தல் வேண்டும். ஒன்று, 500 வோல்ட் மெக்கரால் கம்பியின் உறைத்தடை. அது 1 மெக்ஓமுக்குக் குறைதல் ஆகாது. மற்றொன்று, எர்த்தின் தடை. அதனைப் பங்குனி, சித்திரையில் அளப்பதே உண்மை காட்டும். மழைக்காலத்தில் எந்த எர்த்தும் நல்ல எர்த்தே.

செக்‌ஷன் அலுவலகம் அசையாவிடின் மாவட்ட மின் ஆய்வாளர் அலுவலகத்திற்கு எழுதலாம். அது மாநில அரசின் துறை. தமிழ்ச் சிறுபான்மையினர் தாம் வாழும் பகுதியில் உள்ள அரசு அலுவலகங்களுக்குத் தமிழிலேயே எழுதவும் தமிழிலேயே மறுமொழி பெறவும் 1969ஆம் ஆண்டுக் கேரள ஆட்சிமொழிச் சட்டம் இடமளிக்கிறது. மலையாளம் எழுத வாராதென்று எவரும் உயிர்க்குறையை எழுதாமல் இருத்தல் வேண்டா. வர வேண்டிய எழுத்து ஒன்றே: நாளும் முகவரியும் நுகர்வோர் எண்ணும் குறையும் தெளிவாக உள்ள கடிதம். அதன் படியொன்றை வீட்டில் வைத்திருத்தல் நலம்.

இவ்வளவும் செய்தும் விபத்து நேருமாயின், வீழ்ந்தவரை வெறுங்கையால் தொடற்க. முதலில் மெயினை அணைக்க. அது இயலாவிடில் உலர்ந்த மரத்தின்மேல் நின்று உலர்ந்த கழியால் கம்பியை விலக்குக. அறுந்து விழுந்த தெருக்கம்பியாயின் அதுவும் கூடாது. விலகி நின்று பிறரை விலக்கி, மின்வாரியத்திற்குச் சொல்லுக. மீட்டவருக்கு மூச்சில்லையேல் மார்பின் நடுவே இரு கைகளையும் வைத்து, நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை, 5 சென்டிமீட்டர் ஆழம் அழுந்துமாறு இடைவிடாது அழுத்துக. 108க்கு மற்றொருவர் அழைக்கட்டும்.

செலவைப்பற்றி அஞ்சுவோர்க்கு ஒன்று கூறி முடிக்கிறோம். எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய வேண்டுவதில்லை. முதலில் ஆர்.சி.சி.பி.; அடுத்து எர்த்; அதன்பின் மெயின் கம்பி; இறுதியில் உட்கம்பிகள். இவ்வரிசையில் ஆண்டிற்கொன்றாகச் செய்தாலும் நான்காண்டில் வீடு பத்திரமாகும். வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் இவ்வாண்டு ஊர் வரும்போது புதிய கருவி ஒன்றை வாங்குமுன், அப்பணத்தில் ஒரு பங்கை மெயின் பலகைக்கு ஒதுக்குவார்களாக. அது கூடத்தில் வைத்து விருந்தினர்க்குக் காட்டத்தக்க பொருளன்று. ஆனால் தாய் ஈரக்கையோடு சுவிட்சைப் போடும் ஒவ்வொரு காலையிலும் அவள் அருகே நின்று காப்பது அதுவே.

அடுத்த இதழில், வீட்டுக் கிணற்று நீரைச் சோதித்தறியும் முறையைக் காண்போம்.